பங்காளி வீட்டு ராசி ஸ்பிரிங்

"ஒண்ணும் ஆகாது." எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் புழங்கும் பேச்சில் எனக்கு ஆகாத பேச்சு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் எனக்கு வெல்லக்கட்டி. எடப்பாடிக் கடைவீதியில் ஆணி, தாழ்ப்பாள், கயிறு, கொக்கி விற்றுக்கொண்டு இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்தது என்று ஏதாவது இருந்தால், அது வந்து போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன பேச்சுத்தான். தொட்டில் ஸ்பிரிங்கும் என் கடையில் உண்டு. பழசைக் கையில் எடுத்துக்கொண்டு புதுசு வாங்க வருகிறவர்கள், பழசுக்கு என்ன ஆயிற்று என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். லாரிக்காரர் வீட்டு ஆள் என்றால் "டென்சன் போயிருச்சுங்க" என்பார். தறிக்காரர் வீட்டுப் பெண் என்றால் "சோந்து போச்சுங்க" என்பாள். ஒருத்தி கம்பியைக் கல்லாப்பெட்டி மேல் பொத்தென்று போட்டுவிட்டு, "இதும் எங்கூட்டுக்காரரு மாதிரித்தானுங்க. இழுத்த பக்கம் நல்லாப் போவாரு. திரும்பி ஊட்டுக்கு வரத்தான் தெரியாது" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஆணியெல்லாம் கொட்டிப் போயிற்று.

அவள் சொன்னதுதான் முழு விஷயமும். அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. படித்தது என்னவோ ஒரே ஒரு புத்தகம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆணிப் பொட்டலம் கட்டுவதற்காக எடைக்கு வாங்கிய பழைய தாள் கட்டில், அட்டை போன பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. பக்கம் பக்கமாகக் கிழித்துப் பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தவள், ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் படத்தைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டேன். நாம் விற்கிற சாமான் புத்தகத்தில் வந்திருக்கிறதே என்று ஒரு பெருமை. அதற்கப்புறம் அந்தப் பாடத்தை மட்டும் கிழிக்கவில்லை.

புரியாததைச் செய்து பார்த்துக்கொண்டேன். கடை விட்டத்தில் ஒரு புது ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, எடைக்கல்லைக் கட்டினேன். ஒரு கல்லுக்கு ஒரு விரல்கடை இறங்கியது. இரண்டு கல்லுக்கு இரண்டு விரல்கடை. கல்லை எடுத்தால் பழைய இடத்துக்கே போய்விட்டது. எவ்வளவு நேர்மையான சாமான் பாருங்கள். கொடுத்த பாரத்துக்குத் தகுந்த மாதிரி நீளும். பாரம் போனால் ஒட்டாமல் திரும்பிவிடும். ஆனால் ஒரு அளவு இருக்கிறது. ஆணி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டபோது அது வளைவுகள் எல்லாம் விரிந்து தரைக்கு வந்தது. மூட்டையை அவிழ்த்தேன். பாதி தூரம் போயிற்று. மீதியை மறந்துவிட்டது. அந்த அளவுக்குத்தான் புத்தகத்தில் மீட்சி எல்லை என்று பேர் போட்டிருந்தார்கள். கல்லாப்பெட்டி மேல் கம்பியைப் போட்டவள் புருஷனும் அந்த எல்லையைத் தாண்டிப் போனவன்தான்.

இன்னும் இரண்டு சங்கதி அதில் இருந்தது. நீளத்தை இரண்டு மடங்கு இழுத்தால் கம்பிக்குள் அடைபடுகிற சக்தி இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். கையால் ஒரு சாண் இழுத்து விட்டுப் பார்த்தேன். அப்புறம் இரண்டு சாண் இழுத்து விட்டேன். இரண்டாவது தடவை அது எகிறி விட்டத்தில் அடித்த அடியில் பல்லி விழுந்தது. இன்னொன்று, பாரத்தை மெதுவாக வைப்பது வேறு, சட்டென்று போடுவது வேறு. கல்லைக் கையில் தாங்கி மெல்ல இறக்கினால் நீளுகிற நீளத்தைப் போல, சட்டென்று விட்டால் இரண்டு மடங்கு கீழே போய்விட்டு வருகிறது. தொட்டிலில் படுத்திருக்கிற குழந்தை தராசில் வைத்த கல் அல்ல. காலை உதைக்கும், குதிக்கும். ஆட்டுகிறவர்களும் இழுத்து இழுத்து விடுவார்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் கம்பி தாங்குவது குழந்தையின் எடையை மட்டும் அல்ல. இதை நான் பொட்டலம் மடித்துக்கொண்டே, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் கேட்டுக்கொண்டு நல்ல கம்பியாக வாங்கிப் போவார்கள். மீதிப் பேர் அந்த "ஒண்ணும் ஆகாது" பேச்சைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் எரிச்சலோடு சரி. அதே புத்தியை என் அக்கா மகள் வீட்டில் பார்த்தபோதுதான் அது கோபமாக மாறியது. இன்றைக்கும் அது ஆறவில்லை.

அக்கா மகளை நாமக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். வீட்டை ஒட்டியே பட்டறை. நல்ல உழைப்பாளி, கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு நம்பிக்கைதான் உண்டு: உலகத்தில் வெல்டு வைத்தால் ஒட்டாதது எதுவும் இல்லை. அந்த ஊரில் அது ஒரு மதம் மாதிரி. உடைந்த நாற்காலி, கேட்டு, பால்காரர் வண்டி ஸ்டாண்டு எதுவானாலும் பட்டறைக்கு வரும். "வெல்டு வெச்சாப் பழசை விட எச்சா நிக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். லாரிச் சட்டத்துக்கு அது சரி. ஸ்பிரிங் கம்பிக்குச் சரியில்லை. அதைச் சூட்டில் பதம் பார்த்துச் செய்திருப்பார்கள். மறுபடியும் நெருப்பைக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஒரு பக்கம் கல் மாதிரி இறுகி, வளையத் தெரியாமல் போகும். வளையத் தெரியாத கம்பி ஒடியத்தான் செய்யும்.

குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நாள். பெண் குழந்தை. தாய் வீட்டுச் சீரில் தொட்டில் சாமான் என் பொறுப்பு என்று அக்கா சொல்லியிருந்தாள். கடையிலேயே நல்லதாகப் பார்த்து ஒரு ஸ்பிரிங், தேக்குக் கட்டை, மெத்தென்ற நூல் சேலை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். கூடத்தில் பார்த்தால் ஏற்கெனவே விட்டத்துக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங் தொங்குகிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருக்கிறது. பூவை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் இடைவெளி. பாரமே இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. மேல் கொக்கி கழுத்தில் ஒரு முடிச்சுப் போலப் புடைத்திருந்தது.

"சம்மந்தியம்மா, என்னங்க இது? கழுத்துல கட்டி வந்த மாதிரி இருக்குது?"

சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, சந்தோஷமாகச் சொன்னார். "அது எங்க பங்காளிக வகையறாவுக்கே ராசியான ஸ்பிரிங்குங்க அம்மிணி. மூத்த கொழந்தையின்னா இதுலதான் போடோணும். எம்பட மாமனார் லாரியில இருந்து கழட்டிட்டு வந்தது. எம்பட பசங்கெல்லாம் இதுல கெடந்துதான் வளந்தானுக. போன தடவை பெரிய பங்காளி ஊட்டுல கொக்கி கழண்டு போச்சு. இவன்தான் வெல்டு வெச்சுக் குடுத்தான்."

"கழண்டு போனப்பக் கொழந்தை?"

"நல்ல வேளை, துணிதான் கெடந்துச்சு. ராசின்னா சும்மாவா?"

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. கொக்கி அறுந்து விழுந்திருக்கிறது. அதில் குழந்தை இல்லாமல் போனது கம்பியின் ராசி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விழுந்ததைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முதலில் பதமாகத்தான் சொன்னேன். ராசியை நான் குறை சொல்லவில்லை, கம்பி எல்லை தாண்டிவிட்டது, வளைவெல்லாம் விரிந்து கிடக்கிறது, வெல்டு வைத்த இடம் ஒடிந்துவிடும், சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிடுங்கள், குழந்தையை மட்டும் புதுசில் போடுங்கள். சம்பந்தியம்மா என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அதிலிருந்த புது ஸ்பிரிங்கைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பொம்பளைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"கடக்காரியில்லீங்களா. பழசு நல்லா இருக்குதுன்னு எந்தக் கடக்காரி சொல்லுவா?"

கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. விற்கிறவள் சொன்னால் வியாபாரம், விற்காதவள் சொன்னால் உனக்கென்ன தெரியும். அப்படியானால் யார்தான் சொல்வது? "இது விக்கறதுக்குக் கொண்டாரலீங்க, சீரு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அக்கா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நல்ல நாளில் நாயம் வளர்க்காதே என்று அர்த்தம்.

மாப்பிள்ளை சமாதானம் செய்ய வந்தார். "அத்தைங்க, உங்குளுக்குச் சந்தேகம். அவ்வளவுதானுங்களே? இப்பத் தீத்து வெச்சர்றேன்." சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்பிரிங்கின் கீழ்க் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் காலை மடக்கித் தொங்கிவிட்டார். கம்பி ஆவென்று நீண்டது. வளைவெல்லாம் விரிந்து, அவர் முழங்கால் தரையைத் தொட்டது. லாரி பாடியில் கொக்கியும் சங்கிலியும் போட்டால் ஆள் தொங்கித்தான் சோதிப்பார்கள், அந்தப் பழக்கம். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "பாத்துக்குங்க. மனுசனே தொங்கறேன், பாப்பா தொங்காதா?" என்றார்.

எல்லோரும் கை தட்டாத குறை. சம்பந்தியம்மா திரும்பவும் பூச்சரத்தைச் சுற்றினார். நான் மட்டும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விட்டதும் அது மேலே போயிற்று. ஆனால் முன்பு இருந்த இடத்துக்குப் போகவில்லை. முன்னால் அரிசி போகிற அளவு இருந்த இடைவெளியில் இப்போது அவரைக்கொட்டை போகும். இவர்கள் கம்பி பலமாக இருக்கிறது என்று நிரூபித்ததாக நினைத்தார்கள். என் கண் முன்னால், என் அக்கா மகளின் குழந்தையைப் போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், மிச்சம் இருந்த உயிரையும் வாங்கிவிட்டார்கள். தாங்கியதே, தாங்கியதே என்கிறார்கள். தாங்குவதற்கு அது கொடுத்த விலை கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது, ஒருவருக்கும் தெரியவில்லை.

தொட்டில் வழக்கத்தைவிடத் தாழ்ந்து தொங்கியது. அதற்கும் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது. "துணி நெகிழுது" என்று சேலையை இன்னொரு முடிச்சுப் போட்டு ஏற்றிக் கட்டினார்கள். குழந்தையைப் போட்டார்கள். பாட்டுப் பாடினார்கள். நான் தொட்டிலுக்கு அடியில் இருந்த சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிளம்பும்போது அக்கா மகள் வாசல் வரைக்கும் வந்தாள். அவள் அதிகம் பேசாத பெண்.

"சின்னம்மா, நெசமாவே அறுந்துருமுங்களா?"

"இன்னைக்கா நாளைக்கான்னு எனக்குத் தெரியாது சாமி. அறுந்துரும். அது மட்டும் தெரியும்."

"அவங்க கேக்க மாட்டாங்களே."

அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. குழந்தை இவளுடையது. அதை எங்கே படுக்க வைப்பது என்று சொல்ல இவளுக்கு வாய் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால், பங்காளி வகையறாவின் ராசியைப் பழித்தவள் என்று பேர் வரும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் பயந்துபோய் எழுந்து முன்னால் போய்விட்டது.

கோபத்தோடு படுத்தவள் கோபத்தோடேதான் எழுந்தேன். ஆனால் கோபம் குழந்தையைத் தாங்காது, கயிறுதான் தாங்கும். கடையில் கருப்பு நைலான் கயிறு, விரல் கனத்தில், தார்ப்பாய் கட்டுகிற கயிறு, ஒரு சுற்று கிடந்தது. ஒரு படிகாரத் துண்டையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் நாமக்கல் பஸ் ஏறினேன். சம்பந்தியம்மாவிடம் கைகட்டி நின்று, "நேத்து அத்தனை பேர் கண்ணும் கொழந்தை மேலதானுங்க. நானும் வாய் வெச்சுப்போட்டேன். திருஷ்டிக்குக் கருப்புக் கயிறு கட்டோணும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்பத்தான் நல்ல புத்தி வந்துருக்குது அம்மிணி. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

நன்றாகவே கட்டினேன். விட்டத்துக் கொக்கியில் இரண்டு சுற்று, ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் விட்டு, கீழே தொட்டில் கட்டையில் இரண்டு சுற்று. நடுவில் ஆடுகிற அளவுக்குத் தொய்வு விட்டேன். கம்பி அறுந்தால் தொட்டில் ஒரு சாண் இறங்கும், அதற்கு மேல் கயிறு விடாது. கீழே படிகாரத்தைத் தொங்கவிட்டு, சூடம் காட்டிச் சுற்றிப் போட்டேன். உண்மையைச் சொன்னபோது கடைக்காரி என்று சிரித்தவர்கள், திருஷ்டி என்றதும் கட்டிக்கொள்ள நாற்காலி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நாற்காலி மேல் நின்றுகொண்டு நான் பல்லைக் கடித்த கடி எனக்குத்தான் தெரியும். எதற்கு என்று அக்கா மகளுக்கு மட்டும் காதில் சொன்னேன். அவள் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

சில மாதம் போயிற்று. குழந்தை குப்புற விழ ஆரம்பித்தது. கையை ஊன்றி எழும்பப் பார்க்கிறது என்று போனில் சொன்னாள் அக்கா மகள். தொட்டிலில் போட்டால் சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜங்கு ஜங்கென்று குதிக்கிறதாம். எல்லோரும் கொஞ்சிக்கொண்டு பார்க்கிறார்களாம். கேட்டதிலிருந்து போன் மணி அடித்தாலே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஒரு நாள் முற்பகல் போன் வந்தது. "சின்னம்மா, அறுந்துபோச்சுங்க."

"கொழந்தை?"

"தொங்கிட்டு இருந்துச்சுங்க. கயித்துல. அழுவுது. ஒண்ணும் அடியில்லை. எடுத்துட்டேன்." அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கூடத்தில். சம்பந்தியம்மா கையில் சூடத் தட்டு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, உங்க கயிறுதான் காப்பாத்துச்சு! எத்தனை பெரிய கண்ணு பட்டுருக்குது பாருங்க, கம்பியே அறுந்துபோச்சு! திருஷ்டி அதோட கழிஞ்சுது!"

நான் கையை உருவிக்கொண்டேன். "திருஷ்டி இல்லீங்க. ஸ்பிரிங்கு செத்து ரொம்ப நாளாச்சு. அன்னைக்கே சொன்னேன்."

அதற்குள் மாப்பிள்ளை அறுந்த கம்பியோடு பட்டறைப் பக்கமிருந்து வந்தார். முகத்தில் பயம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதைவிட அதிகமாக ஒரு ஆச்சரியம் இருந்தது. "அத்தைங்க, இதப் பாருங்க. வெல்டு அசையவே இல்லீங்க! அதுக்குப் பக்கத்துல கம்பிதான் விட்டுருக்குது!"

பார்த்தேன். வெல்டு முடிச்சு கல் மாதிரி அப்படியே இருந்தது. அதை ஒட்டி, நெருப்புப் பட்ட இடத்தில், கத்தியால் வெட்டியது போல அறுந்திருந்தது. "அதத்தான் சொல்றேன் மாப்பிள்ளை! நீங்க வெச்ச சூடுதான் அந்தக் கம்பியக் கொன்னுருக்குது. உங்க வெல்டு நின்னு என்ன பிரயோசனம்? கொழந்தை வெல்டுலயா படுத்திருக்குது?" என்றேன். அக்கம் பக்கம் எல்லாம் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"செரிங்க, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை நல்லா எலெக்ட்ரோடு மாத்தி, ரண்டு பக்கமும் பிடிச்சு வெச்சர்றேன்."

சம்பந்தியம்மா அதற்கு மேலே போனார். "வெச்சுக் குடுத்துரு சாமி. சின்னப் பங்காளி ஊட்டு மருமக முழுகாம இருக்கறா. அடுத்தது அங்கதான் போகோணும். திருஷ்டி கழிஞ்ச கம்பி, இன்னும் எச்சா ராசி."

யாரோ ஒரு பெண், அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவள் வயிற்றுக்குள் இருப்பதற்கு இப்போதே இந்தச் செத்த கம்பியை மஞ்சள் பூசித் தயார் பண்ணுகிறார்கள். அங்கே கருப்புக் கயிற்றோடு நாற்காலி மேல் ஏற யார் இருக்கிறார்கள்? நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னால் அச்சில் போட மாட்டார்கள். சம்பந்தியம்மாவும் விடவில்லை. எங்க வகையறா சமாச்சாரத்தில் கடைக்காரி எதற்குத் தலையிடுகிறாய் என்று அவர், பச்சைக்குழந்தை சமாச்சாரத்தில் வகையறா என்ன வகையறா என்று நான். பொம்பளைகள் யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

அப்போதுதான் அக்கா மகள் எழுந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது. குரலை உயர்த்தவே இல்லை.

"அத்தை, அதை வெல்டு வெச்சு அங்க குடுத்தீங்கன்னா, அன்னிக்கே நானும் போவேன். எம்புள்ள இதுல இருந்து உழுந்துச்சுன்னு பங்காளிக அத்தனை பேரு முன்னாலயும் சொல்லுவேன். ராசி என்ன ராசின்னு அப்பறம் அவங்களே பேசிக்குட்டும்."

சம்பந்தியம்மா சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். என் மீட்சி எல்லையும் நான்கு மடங்கும் செய்யாததை அது செய்தது. கம்பி அறுவதற்கு அவர் பயப்படவில்லை. பேர் அறுவதற்குப் பயந்தார். அதற்காகவும் எனக்குக் கோபம்தான். ஆனால் காரணம் எதுவானால் என்ன, இனிமேல் எந்தக் குழந்தையும் அதில் படுக்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?" என்றார் மருமகளைப் பார்த்து.

"அறுத்துப் போடச் சொல்லுங்க. இப்பவே. நான் பாக்கோணும்."

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா பூஜை அறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் அனுமதி. எல்லோரும் பட்டறைக்குப் போனோம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால், நான் பின்னால்.

மாப்பிள்ளை கம்பியின் ஒரு முனையைப் பட்டறை மேசையில் பொருத்தியிருந்த இடுக்கியில் கடிக்கவிட்டு இறுக்கினார். வளைவுகள் இன்னும் விரிந்தால் வெட்டுகிற சக்கரம் சுலபமாக உள்ளே போகும் என்று, மறு முனையில் ஒரு கொக்கியை மாட்டி, காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கம்பி நீண்டது. கொக்கியைச் சுவர் ஆணியில் மாட்டினார். விண்ணென்று நின்றது. கிரைண்டரை எடுத்து, அதன் மேல் முகத்தைக் குனிந்தார்.

"மாப்பிள்ளை, கையை எடுங்க!" நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அலறியது. "அவ்வளவு தூரம் இழுத்து வெச்சு அறுத்தா, உள்ள அடச்சு வெச்ச சக்தி அத்தனையும் எங்க போகும்? உங்க மூஞ்சிக்குத்தான் வரும்! புள்ளைக்கு அப்பன் வேண்டாமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். முதல் தடவையாக அதைப் பார்த்துப் பயந்தார் என்று நினைக்கிறேன். மெதுவாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொக்கியை ஆணியிலிருந்து எடுத்து, அது தன் இஷ்டத்துக்குச் சுருங்கும் வரைக்கும் விட்டார். அப்புறம், "அப்ப எப்பிடிங்க அறுக்கறது?" என்று கேட்டார்.

"சும்மா கெடக்கறப்ப அறுங்க. ஒவ்வொரு வளையமா. எத்தனை நேரம் ஆனாலும் நான் நிக்கறேன். கண்ணாடி போட்டுக்குங்க மொதல்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சக்கரம் கிறீச்சிட்டது, பொறி பறந்தது. முதல் வளையம் மண்ணில் விழுந்து உருண்டது. அக்கா மகள் அழுகிற குழந்தையை முதுகில் தட்டிக்கொண்டே, அதைக் காலால் ஒரு ஓரமாக ஒதுக்கினாள். "ம், அடுத்தது" என்றாள்.